பாட்டி எந்தப் பக்கம் ஏறுவாங்க?

"அக்கா, ரேடியோவுல நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். அம்மா ஒத்துக்குவாங்க."

திரிங்காப்பிலிருந்து வந்த குரல் பதிவு. பின்னணியில் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம். பேசிய தம்பிக்கு இருபத்து மூன்று வயது, காய்கறி லோரி ஓட்டுகிறார். ஈப்போவில் ஒரு பழைய புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. வாங்கி, ஒரு வருஷமாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அந்தக் கார் புதிதாக வந்தபோது உள்ளே ரெக்காரோ சீட் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் அதைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, வேறு ஏதோ காரின் சீட்டை மாட்டிக் கொடுத்திருக்கிறார். தம்பிக்கு இப்போது இரண்டு பக்கெட் சீட் வேண்டும். கூடவே பச்சை நிறத்தில் நாலு முனை ஹார்னஸ், அதாவது பந்தயக்காரர்கள் இரண்டு தோளிலும் மாட்டிக்கொள்கிற வார். அம்மா வேண்டாம் என்கிறார்.

"வளைவுல உடம்பு அங்கயும் இங்கயும் போகுதுக்கா. ஸ்டைலுக்குக் கேட்கல. சேஃப்டிக்குத்தான் கேட்கிறேன்."

மறுநாள் அதே எண்ணிலிருந்து இன்னொரு பதிவு. இந்த முறை அம்மா.

"தங்கச்சி, அவன் பெல்ட்டு நாலு போடட்டும், எட்டு போடட்டும். அது ரெண்டு கதவு காடி. அந்தச் சீட்டு மடங்காதாம், அவனே சொல்றான். பாட்டி எந்தப் பக்கம் ஏறுவாங்க?"

இரண்டுக்கும் பதில் சொல்ல, பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் கிடைக்கிற மூன்று நிமிடம் போதாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஊடகம் படித்தவள். என் காரில் ஒரு பல்பை நானே மாற்றினால் அது வீட்டில் தலைப்புச் செய்தி. ஆனால் தெரிந்தவரைத் தேடிப் போய்க் கேட்பது எங்கள் தொழிலில் பழக்கம். ஈப்போவில் பந்தயக் கார்களுக்கு இரும்புக் கூண்டு வெல்டிங் செய்கிற ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்தேன். பந்தயத்துக்கு முன் கார்களைச் சோதித்து ஒப்புதல் தருகிற ஒருவரிடம் தொலைபேசியில் பேசினேன். அனைத்துலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளில் சீட்டுக்கும் வாருக்கும் உரிய பகுதிகளைப் படித்தேன். உறக்கம் வராதவர்களுக்கு நல்ல மருந்து. ஆனாலும் படித்து முடித்தபோது காலணியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

தம்பியின் ஆசை எங்கிருந்து வருகிறது என்று கேமரன் மலைக்குப் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறுகிற சாலை அகலமானது, வளைவுகள் நீளமானவை. வார இறுதிகளில் விடிகாலையிலேயே கார்கள் கூட்டமாக ஏறும். கோல தெர்லா, திரிங்காப் தாண்டி, பிரிஞ்சாங்கில் தேநீர் குடித்துவிட்டு அதே வழியில் இறங்கும். சாலையோரம் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு நிற்கிற பையன்களுக்கு அதுதான் சினிமா. இந்த நாட்டில் 2002ஆம் ஆண்டு புரோட்டோன் காரை ஓட்டி, ராலியில் தயாரிப்புக் கார்களுக்கான உலகப் பட்டத்தையே கொண்டுவந்த கரம்ஜித் சிங் இருக்கிறார். சத்ரியா வாங்குகிற எவனும் மனத்துக்குள் கொஞ்சம் கரம்ஜித் சிங்தான்.

சீட்டைப் பொறுத்தவரை தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தட்டையான சீட்டில் உட்கார்ந்து வளைவில் வேகமாகத் திரும்பினால் உடம்பு வெளிப்பக்கம் நழுவும். கை தானாக ஸ்டீரிங்கைப் பிடித்துத் தொங்கும், முழங்கால் கதவில் முட்டுக்கொடுக்கும். ஸ்டீரிங் திருப்புவதற்கு உள்ளது, பிடித்துத் தொங்குவதற்கு அல்ல. தொங்குகிற கைக்கு டயர் என்ன சொல்கிறது என்று கேட்காது. பக்கெட் சீட் கண்ணாடி இழையிலோ கார்பன் இழையிலோ ஒரே ஓடாக வார்க்கப்பட்டது. விலாவையும் தொடையையும் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும். பட்டறையில் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். ஏறும்போது மானம் போனது. உட்கார்ந்தபின் யாரோ தோளில் கைவைத்து "நான் இருக்கேன்" என்று சொன்னது போலிருந்தது. இதற்கு இத்தனை பேர் ஏன் ஆசைப்படுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

ஹார்னஸ் விஷயம் அப்படியல்ல. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இன்று நாம் எல்லோரும் மாட்டுகிற மூன்று முனை வாரைக் கொண்டுவந்தவர் நில்ஸ் போலின் என்கிற சுவீடன் நாட்டுப் பொறியாளர். 1959இல் அதை வோல்வோ கார்களில் முதலில் பொருத்தினார்கள். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ விட்டுக்கொடுத்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், போலின் வோல்வோவுக்கு வரும் முன் செய்த வேலை. சாப் நிறுவனத்தில் போர் விமானிகள் ஆபத்தில் தூக்கி எறியப்படுகிற சீட்டை வடிவமைத்தவர் அவர். இரண்டு தோளையும் இடுப்பையும் கட்டுகிற வாரைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. அப்படிப்பட்டவர் சாலைக் காருக்கு என்று வந்தபோது அந்த விமானி வாரை அப்படியே கொண்டுவரவில்லை. ஒரே கையால் மாட்ட வேண்டும், ஒரே கையால் கழற்ற வேண்டும், கடைக்குப் போகிறவரும் முகம் சுளிக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மூன்று முனையோடு நிறுத்தினார். தெரியாமல் குறைவாகச் செய்ததில்லை. தெரிந்தேதான் செய்தார்.

அந்தச் சாதாரண வார் இன்று அவ்வளவு சாதாரணமும் இல்லை. புதிய கார்களில் மோதிய நொடியிலேயே ஒரு சிறு வெடிப்பால் வார் பின்னுக்கு இழுக்கப்பட்டு இறுகும். பிறகு விலா எலும்பு உடையாதபடி, சுமை ஓர் அளவைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். அந்த நேரத்தில் காற்றுப்பை விரிந்து வந்து முகத்தைத் தாங்கும். வாரும் பையும் சீட்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து வேலை செய்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதி, காரின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்றால், 70 கிலோ எடையுள்ளவரைப் பிடித்து நிறுத்த வார் தாங்கவேண்டிய சராசரி விசை ஒரு டன்னுக்கும் மேல். திரிங்காப்பில் ஒரு லேண்ட்ரோவரின் பின்னால் அடுக்குகிற காய்கறிக் கூடைகள் அத்தனையும் மார்பில் சாய்கிற மாதிரி. அந்தப் பாரம் உடம்பில் எந்த எலும்பில் இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஈப்போ பட்டறைக்காரர் இதைத் தன் மொழியில் சொன்னார். "ஒண்ணத் தொட்டா அடுத்தது கூப்பிடும்மா. அதைத் தொட்டா அதுக்கு அடுத்தது. கடைசி வரைக்கும் போகணும். இல்லன்னா ஆரம்பிக்கவே கூடாது." பிறகு தரையில் சாக்குக்கட்டியால் ஒரு மனிதனைப் படம் போட்டார்.

முதலில் இடுப்பு வார். இது இடுப்பெலும்பின் மேல், கீழாகப் படிந்திருக்க வேண்டும். நாலு முனை ஹார்னஸில் இரண்டு தோள் வாரும் நடுப் பூட்டில் வந்து சேர்கின்றன. மோதும்போது உடம்பு முன்னே பாய, தோள் வார்கள் பூட்டை மேலே இழுக்கும். பூட்டோடு சேர்ந்து இடுப்பு வாரும் எலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். உடம்பு அதன் அடியில் வழுக்கிக்கொண்டு போகும். எலும்பு தாங்கவேண்டிய பாரத்தைக் குடலும் கல்லீரலும் தாங்கும். பந்தயக் கார்களில் கால்களுக்கு நடுவே ஐந்தாவது, ஆறாவது வார் இருப்பது இதற்காகத்தான். பூட்டைக் கீழே பிடித்துவைக்க. அந்த வார் சீட்டுக்குள்ளே நுழைந்து வரவேண்டும். கார் கம்பெனி சீட்டில் அதற்கு ஓட்டை கிடையாது. ஆகவே சீட்டை மாற்ற வேண்டும்.

அடுத்து தோள் வார் பின்னால் எங்கே கட்டப்படுகிறது. தோளுக்குப் பின்னால் அது ஏறக்குறைய மட்டமாகப் போகவேண்டும். கீழ்நோக்கிச் சரிவது 10 பாகைக்குள் இருப்பது நல்லது, 45 பாகையைத் தாண்டவே கூடாது என்கிறது எஃப்.ஐ.ஏ. விதி. நம் பையன்கள் எங்கே கட்டுகிறார்கள்? பின் சீட் பெல்ட்டின் போல்ட் ஏற்கெனவே தரையில் இருக்கிறதே என்று அதில். அப்போது வார் தோளின் மேல் வளைந்து செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. மோதும்போது அது தோளைப் பின்னுக்குப் பிடிப்பதைவிடக் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தம் முழுக்க முதுகெலும்புக்குப் போகிறது. "மூட்டைக்கு மேல மூட்டை வச்சு அமுக்குற மாதிரி" என்றார் பட்டறைக்காரர். சரியான உயரத்தில் கட்ட வேண்டுமானால் குறுக்கே ஓர் இரும்புக் குழாய் வேண்டும். புதிதாக ஒரு இடத்தில் போல்ட் போட்டால் அடியில் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகடு வேண்டும். காரின் தரைத் தகடு மெல்லியது. வாஷர் மட்டும் போட்டால் போல்ட் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

மூன்றாவது விஷயம் எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது. மூன்று முனை வார் ஒரே தோளைத்தான் பிடிக்கிறது. அது குறை என்று நினைத்திருந்தேன். ஆனால் கார் உருண்டு கூரை உள்ளே நசுங்கினால், ஒரு தோள் சும்மா இருப்பதால் உடம்பு பக்கவாட்டில் சாய இடம் உண்டு. ஹார்னஸ் இரண்டு தோளையும் சீட்டோடு கட்டிவிடுகிறது. மனிதன் குச்சி மாதிரி நிமிர்ந்தே இருக்கிறான். கூரை கீழே வந்தால் நேராகத் தலைக்குத்தான் வரும். ஆகவே கூரை கீழே வராமலிருக்க ரோல் கேஜ் என்கிற கூண்டு வேண்டும். சரி, கூண்டு போட்டாச்சு. இப்போது தலைக்குச் சாண் தூரத்தில் இரும்புக் குழாய் இருக்கிறது. சின்ன மோதலில்கூட தலை அதில் இடிக்கும். ஆகவே ஹெல்மெட் வேண்டும்.

ஹெல்மெட் போட்டால் முடிந்ததா? அங்கேதான் கழுத்து வருகிறது. மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. மேலே போட்ட அதே கணக்கில், உடம்பு கட்டுண்டு நின்றுவிட, தலை மட்டும் முன்னே பாய்கிறபோது கழுத்து பிடித்து நிறுத்தவேண்டியது 80 கிலோவுக்கு ஈடான விசை. ஒன்றரைக் கிலோ ஹெல்மெட் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். அதுவும் 50 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான்.

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் டேல் எர்ன்ஹார்ட் என்றால் அங்கே சூப்பர் ஸ்டார். ஏழு முறை சாம்பியன். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அவர் கார் சுவரில் மோதியது. பார்த்தவர்களுக்கு அது பெரிய விபத்தாகவே தெரியவில்லை. அவர் இறந்துவிட்டார். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருந்தது. இடுப்பு வார் ஒன்று அறுந்திருந்ததையும் விசாரணை கண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இன்னும் மூன்று பேர் நாஸ்கார் வாகனங்களில் இறந்திருந்தார்கள். இதற்கு மருந்து அப்போதே கையில் இருந்தது என்பதுதான் கொடுமை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே ஹான்ஸ் என்கிற தோள்பட்டைக் கருவியைச் செய்திருந்தார்கள். தோள் வாரின் அடியில் அது அமரும். இரண்டு நாடா அதிலிருந்து ஹெல்மெட்டைப் பிடித்திருக்கும். தலை தனியாகப் பாயாது. அசௌகரியம் என்று பெரும்பாலானோர் ஒதுக்கிவைத்தார்கள். எர்ன்ஹார்ட் இறந்த அதே ஆண்டு அக்டோபரில் தலையையும் கழுத்தையும் பிடிக்கிற கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. ஃபார்முலா 1 பந்தயத்தில் 2003இல் கட்டாயமானது.

இந்த வரிசையின் கடைசி வரை போனால் என்ன கிடைக்கும் என்பதையும் நாம் பார்த்தோம். 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் போர்ஷே கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியை, நம் குடும்பக் குழுக்களில் பத்துத் தடவையாவது அனுப்பியிருப்பார்கள். கார் நொறுங்கியது. மனிதர் தானே இறங்கி நடந்தார். சில நாள் கழித்து அவர் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. "தல தப்பிச்சது சாமி புண்ணியம்" என்று எனக்கு வந்த செய்திகள் ஏராளம். சாமியை நான் மறுக்கவில்லை. கூண்டு, ஓட்டுச் சீட்டு, ஆறு முனை வார், ஹெல்மெட், ஹான்ஸ் எல்லாம் அந்த வகைக் காரில் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. தம்பி அதே காட்சியைப் பார்த்துவிட்டு அதிலிருந்து வாரை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் நடுவில் நிற்கவே முடியாதா? ஒரு விலக்கு உண்டு. ஜெர்மனியின் ஷ்ரோத் நிறுவனம் சாலைக் காருக்கென்றே ஒரு நாலு முனை வார் செய்கிறது. அதில் ஒரு தோள் வாரில் மடித்துத் தைத்த பகுதி மோதும்போது பிரிந்து நீளும். ஒரு தோள் கொஞ்சம் முன்னே போக, உடம்பு லேசாகத் திரும்பும். இடுப்பு வார் மேலே ஏறாது. யோசித்துப் பார்த்தால், மூன்று முனை வார் சும்மா செய்கிற வேலையை நாலு முனை வாருக்குக் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதையும் எந்தக் கார், எந்தச் சீட் என்று பார்த்துத்தான் பொருத்த வேண்டும்.

இனி விபத்தே நடக்காத சாதாரண நாளைப் பாருங்கள். திரிங்காப்பில் மாலை நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படியும். முன்னால் சாய்ந்து துடைக்கவேண்டும். ஹார்னஸ் போட்டவனால் சாய முடியாது. தோட்டத்துப் பாதையில் எதிரே லோரி வந்தால் பின்னால் திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுக்க வேண்டும். திரும்ப முடியாது. முடியவில்லை என்று தோள் வாரைத் தளர்த்திக்கொள்வான். தளர்ந்த ஹார்னஸ் எதற்கும் ஆகாது. சாதாரண வாரில் இருக்கிற சுருள் அதில் இல்லை, தானாக இறுகாது. பள்ளி விடுமுறையில் கியா ஃபார்ம் நெரிசலில் ஆறு முனை வார் போட்டுக்கொண்டு நத்தை வேகத்தில் ஊர்கிற ஒருவரைக் கற்பனை செய்து நானும் பட்டறைக்காரரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் இன்னொன்றைச் சொன்னார். கார் பள்ளத்தில் இறங்கிவிட்டால் ஓடிவருகிறவர்கள் தோட்டத்து ஆட்கள்தான். சிவப்பு பட்டனை அமுக்கத் தெரியும். திருகினால் விடுபடுகிற பந்தயப் பூட்டை இருட்டில், மழையில், எத்தனை பேர் அவிழ்ப்பார்கள்?

சட்டமும் சும்மா இருக்காது. மலேசியாவில் முன் இருக்கை வார் 1979 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். பின் இருக்கை வார் 2009 ஜனவரி 1 முதல். காரின் அமைப்பை மாற்றுவதென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் வேண்டும். குறுக்குக் குழாயும் கூண்டும் வெல்டிங் செய்துவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது நடக்காது. புதிய காராக இருந்தால் சீட்டைக் கழற்றுவதிலேயே சிக்கல் உண்டு. பக்கவாட்டுக் காற்றுப்பை சீட்டுக்குள்ளேயே தைக்கப்பட்டிருக்கும். ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கிற உணர்கருவியும் சீட்டின் அடியில்தான். கழற்றினால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அதை அணைக்க ஒரு சின்ன பொருளை இணையத்தில் விற்கிறார்கள். விளக்கு அணையும். பை திரும்ப வராது.

இப்போது அம்மாவின் கேள்வி. நியாயமாக இதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். சத்ரியாவில் பின்னால் உட்கார வேண்டுமானால் முன் சீட்டின் முதுகு மடங்க வேண்டும். பக்கெட் சீட் ஒரே ஓடு, மடங்காது. கூண்டு போட்டால் பின்பக்கமே இரும்புக் காடு. பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. புளூ வேலி தோட்டத்தில் கொழுந்து பறித்து வளர்த்த குடும்பம். மாதம் ஒரு முறை தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகவேண்டும். அதற்கு அந்த வீட்டில் இருக்கிற ஒரே கார் இதுதான். முன் சீட்டில் ஏற்றலாமே என்று தம்பி சொன்னாராம். பக்கெட் சீட்டின் தொடைப் பக்கத் தடுப்பு முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. முப்பது வயதில் எனக்கே பட்டறைக்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பாட்டியை நினைத்துப் பாருங்கள், சேலையோடு.

இதைவிட மோசமான ஒன்று எனக்குப் பிறகுதான் தோன்றியது. முன்னால் நாலு வார் போட்டவன் பின்னால் இருப்பவரின் வார் போல்ட்டை எடுத்துத்தான் அதைக் கட்டியிருக்கிறான். பின்னால் இருப்பவருக்கு இப்போது வாரே இல்லை. மோதினால் அவர் பாய்ந்து வந்து இடிப்பது முன் சீட்டின் முதுகில். சீட்டோடு கட்டுண்டிருப்பவன் அந்தப் பாரத்தையும் சேர்த்து வாங்குவான்.

விற்பனைப் பக்கம் வேறு கதை. தம்பி காட்டிய பச்சை வார் ஜப்பானின் தகாத்தா பெயரில் இருந்தது. அந்த நிறுவனம் 1933இல் நெசவு வேலையாக ஆரம்பித்தது. பெரிய பந்தயங்களில் பெயர் வாங்கியது. பிறகு காற்றுப்பைக் கோளாறில் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்து, 2017இல் திவாலானது. அந்தப் பச்சையும் அந்த எழுத்தும் போலிகளில்தான் இன்று அதிகம் பார்க்கக் கிடைக்கின்றன. பிரைட் சீட்டுக்கும் அதே நிலைமைதான். படத்தில் தையல் அச்சு அசலாக இருக்கும். உள்ளே இருக்கிற ஓடு எத்தனை அடுக்கு இழையில் செய்தது என்று படம் சொல்லாது. அசல் பந்தய வாரில் எஃப்.ஐ.ஏ. முத்திரைச் சீட்டு தைத்திருக்கும், எந்த ஆண்டோடு காலாவதி என்று அதில் இருக்கும். செய்த ஐந்து ஆண்டு வரைதான் பந்தயத்தில் அனுமதி. வெயில் பட்டுப் பட்டு நைலான், பாலியஸ்டர் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் பலமிழக்கும். தேதியே இல்லாத வார் மலிவாகக் கிடைத்தால், அதைக் காய்கறி மூட்டை கட்ட வாங்குங்கள்.

தம்பியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். வானொலியில் அம்மாவைச் சம்மதிக்க வைக்க மாட்டேன். ஆனால் சீட் வாங்குங்கள். முதுகு மடங்குகிற, சாய்கிற, இரண்டு பக்கமும் அணைக்கிற ஸ்போர்ட்ஸ் சீட் இருக்கிறது. அந்தக் காருக்கு வந்த அசல் ரெக்காரோ அந்த வகைதான். அதற்குரிய தாங்கியோடு நல்ல ஜோடி கிடைக்கும்வரை பொறுங்கள். கார் கம்பெனியின் மூன்று முனை வார் அதில் அப்படியே வேலை செய்யும். உங்களுக்கு வளைவில் நழுவுகிற பிரச்சினைதான் என்றால் அதைத் தீர்ப்பது சீட், வார் அல்ல. பாட்டியும் ஏறலாம்.

"அப்ப டிராக்குக்கு?" என்றார். அதற்கும் பதில் இருக்கிறது. செப்பாங்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கிற நாட்கள் உண்டு. அங்கே எதிரே லோரி வராது, வளைவுக்கு அப்பால் பள்ளத்தாக்கு கிடையாது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். சாதாரண வாரும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு முதலில் அங்கே போய் ஓட்டிப் பார்க்கட்டும். அந்த ஆசை வளர்ந்து பெரிதானால் சாலைக் காரைக் கெடுக்காமல் அதற்கென்று ஒரு காரை எடுத்து, பட்டறைக்காரர் சொன்ன மாதிரி கடைசி வரை போகட்டும். அம்மா அப்போதும் திட்டுவார்; அது வேறு கணக்கு.

அதுவரை செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. சத்ரியா மட்டுமல்ல, இருபது வயதான எந்தக் கார் வைத்திருக்கிறவரும் இந்த வாரமே செய்யலாம். நாலு வாரையும் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். பூட்டுக்குப் பக்கத்திலும், தோளுக்கு மேல் வளையத்தில் உரசுகிற இடத்திலும் ஓரம் பிசிறடித்திருக்கிறதா, நிறம் வெளுத்துக் கரகரப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். சட்டென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் உடனே பூட்டிக்கொள்ள வேண்டும். விட்டால் கடைசி வரை தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். பின் சீட் பூட்டுகள் பல கார்களில் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும்; தோண்டி எடுத்து மேலே விடுங்கள். பழுதென்றால் ஹாஃப்கட் கடையில் மலிவாகக் கிடைக்கிற வாரைக் கேட்காதீர்கள். பாதியாக வெட்டப்பட்ட அந்தக் காரில் பல இடித்த கார்கள். ஒரு முறை மோதலைத் தாங்கிய வார் நீண்டுபோயிருக்கும், இழுப்பான் ஏற்கெனவே வெடித்திருக்கும். புதிதாக வாங்குங்கள். நாலு பேருக்கும்.